கோட்டின் மேல் நிற்கும் குத்து

சோழவந்தானுக்குக் கல்வெட்டுகளில் இருக்கும் பெயர் சோழாந்தக சதுர்வேதிமங்கலம். 'சோழன் தலைகொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்ட வீரபாண்டியனோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அது. அந்தகன் என்றால் எமன். சோழனுக்கு எமனானவன் பேரில் ஒரு ஊர். ஆயிரம் வருஷமாக ஜனங்களின் வாயில் உருண்டு உருண்டு, 'சோழன் இங்கே வந்தான், பச்சையைப் பார்த்து உவந்தான், அதான் சோழவந்தான்' என்று ஆகிவிட்டது. எமன் பேரில் இருந்த ஊர் சோழனுக்கு விருந்து வைத்த ஊராக மாறிய கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது பெயரை அல்ல, சதுர்வேதிமங்கலம் என்ற ஏற்பாட்டை.

சதுர்வேதிமங்கலம் என்பது அடிப்படையில் ஒரு கணக்கு. இவ்வளவு நிலம், இத்தனை பங்கு. அந்தக் காலத்து நில ஆவணங்களை வாசித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். முதலில் நான்கெல்லை சொல்வார்கள்: கீழெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்னெல்லை இன்னார் நிலத்துக்கு வடக்கு என்று. அதற்குப் பிறகுதான் 'இவ்வகைப்பட்ட நிலம் இத்தனை வேலி, இத்தனை மா' என்று வரும். முதலாவது சுற்றளவு, இரண்டாவது பரப்பளவு. ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாடங்களும் நம்மூர்க் கல்லில் அதே வரிசையில் இருக்கின்றன. இன்றைக்கு சோழவந்தானிலோ வாடிப்பட்டியிலோ போய்ப் பத்திரம் எழுதினாலும் இதே முறைதான். 'இதற்குட்பட்ட' என்று நாலு பக்கத்தையும் சொல்லிவிட்டுத்தான் சென்ட் கணக்குக்கு வருவார்கள்.

ஏன் இரண்டும் வேண்டும்? எல்லை தெரிந்தால் பரப்பு தானாகத் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

கிரேக்கத்தில் துசிடிடீஸ் சிசிலித் தீவு எவ்வளவு பெரிசு என்று சொல்வதற்கு, அதைச் சுற்றி வர ஒரு சரக்குக் கப்பலுக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று சொல்கிறார். சுற்றளவை வைத்துப் பெரிசு சிறிசு சொல்லும் பழக்கம் அன்றைக்கு அவ்வளவு சகஜம். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் புரோக்ளஸ் யூக்ளிட்டுக்கு உரை எழுதும்போது ஒரு திருட்டுத்தனத்தைக் குறிப்பிடுகிறார். கூட்டாக நிலம் பிரிக்கும்போது சிலபேர் சுற்றளவு நீளமான துண்டைப் பங்காளிக்குக் கொடுத்துவிட்டு, சுற்றளவு குறைந்த துண்டைத் தாங்கள் எடுத்துக்கொள்வார்களாம். ஊரார் 'என்ன பெருந்தன்மை' என்று மெச்சுவார்களாம். நிஜத்தில் பரப்பு அதிகமாக இருப்பது இவர்கள் எடுத்துக்கொண்ட துண்டில்.

இது வெறும் கணக்கு வாத்தியார் கதை இல்லை. நூறடிக்கு நூறடி நிலம் ஒன்று, நூற்றெண்பது அடிக்கு இருபதடி நிலம் ஒன்று. இரண்டையும் வரப்பு மேல் சுற்றி நடந்தால் ஒரே நானூறு அடி. முதலாவது 10,000 சதுர அடி, இரண்டாவது 3,600. காலுக்கு வித்தியாசம் தெரியாது.

*

அளக்கிற கோல் பற்றிச் சொல்லாமல் இதை மேலே கொண்டுபோக முடியாது. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் என்றால் ஒரு குழி. தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் கோல் 12 அடி, குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். ஆனால் கோல் எல்லா ஊரிலும் ஒன்று இல்லை. பாண்டி நாட்டில் சுந்தரபாண்டியன் கோல், குடிதாங்கிக் கோல் என்று பெயர்கள் வருகின்றன. சோழநாட்டுக் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்றெல்லாம் உண்டு. கோயில் சுவரில் கோலின் நீளத்தை வெட்டி வைத்த இடங்கள் இன்றும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் கோலைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சுவரில் வெட்டி வைக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? பதினாறு சாண் கோலால் அளந்த நிலத்தைப் பன்னிரண்டு சாண் கோலால் மறுபடி அளந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நீளத்தில் 16-க்கு 12, அவ்வளவுதான். ஆனால் குழிக் கணக்கில் 256-க்கு 144. பழைய கோலில் நூறு குழியாக இருந்த நிலம் புதுக்கோலில் 177 குழிக்கு மேல் ஆகிவிடும். வரப்பு நகரவில்லை, ஒரு நாற்று கூடவில்லை, கோல் மட்டும் கொஞ்சம் குட்டை. குழிக்கு இவ்வளவு என்று வரி போட்டால், குடியானவன் வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் அந்த நாலு சாணில் இருக்கிறது. 'குடிதாங்கி' என்று ஒரு கோலுக்குப் பெயர் வைத்ததை நான் வெறும் அலங்காரமாகப் பார்ப்பதில்லை.

ராஜராஜன் 1001-ஐ ஒட்டி நாடு முழுக்க நிலத்தை அளக்க வைத்தான். அந்த வேலையை நடத்திய அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்று பட்டம். அந்த அளவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரு எண்ணைச் சொல்வார்கள்: ஒரு வேலியில் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரைக்கும் நிலம் கணக்கில் வந்திருக்கிறது. படித்தவுடன் நெஞ்சு விம்மும். நான் இதைப் போட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன வேலியை வைத்துக்கொண்டால் அது அரை சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்லின் மூக்கு அளவுகூட இல்லை. எந்தக் கோலாலும் எந்த உலகளந்தானாலும் அதை அளந்திருக்க முடியாது.

அப்படியென்றால் பொய்யா? இல்லை. அந்த எண்ணைப் பிரித்தால் 320 × 320 × 320 × 320 × 5 என்று வருகிறது. 320-இல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி. அப்படியே கீழே கீழே இறங்கிக்கொண்டே போகலாம். நீளத்தையும் அகலத்தையும் பின்னத்தில் அளந்து, பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கி, தரம் பார்த்து இன்னொரு பின்னத்தால் குறைத்து, வந்ததை வெட்டாமல் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். கால்குலேட்டரில் எட்டுத் தசமம் வருகிறதே என்று எட்டையும் பரீட்சைத் தாளில் எழுதுகிற பையன் மாதிரி. இது அளவின் துல்லியம் அல்ல, பெருக்கலின் துல்லியம். அதுவும் லேசுப்பட்டது இல்லை. வாயாலேயே இந்தப் பின்னங்களைப் பெருக்கிய கணக்கர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

தமிழ்க் கணக்கு நூல்களில் பிரபலமானது காரிநாயனார் பெயரில் உள்ள கணக்கதிகாரம். வட்ட நிலத்துக்கு அதில் ஒரு வழி சொல்லியிருக்கிறது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் குழி வந்துவிடும். நம் பள்ளிக்கூடத்து πr² அதேதான், π என்ற எழுத்து இல்லாமல். பாதிச் சுற்றளவு πr, பாதி விட்டம் r. ஒரு கிணற்றுக்கோ களத்துக்கோ கயிறு ஒன்று போதும். சுற்றிப் பிடி, குறுக்கே பிடி, மடி, பெருக்கு. சுற்றளவிலிருந்து பரப்புக்கு ஒழுங்காகப் போகும் பாதை வட்டத்துக்கு உண்டு.

நாலு பக்க நிலத்துக்குத்தான் வம்பு. எங்கள் பக்கம் இன்றைக்கும் தரகர்கள் போடுகிற கணக்கு என்ன தெரியுமா? எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, வந்த இரண்டையும் பெருக்கு. 'அம்புட்டுதேன் தம்பி, இதுக்குப் போயி சர்வேயர் எதுக்கு?' எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் வெட்டியிருக்கும் நிலக் கணக்குகளும் இதே வழிதான். செவ்வகமாக இருந்தால் சரியாக வரும். வேறு எந்த வடிவமாக இருந்தாலும் வருகிற விடை உண்மையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், ஒரு தடவைகூடக் குறையாது. நாலு பக்கமும் நூறு அடி, ஆனால் மூலை 60 பாகையில் சாய்ந்திருக்கிற நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தரகர் கணக்கில் 10,000 சதுர அடி. உண்மையில் 8,660. மூன்று சென்ட் காற்றில் போகிறது. விற்கிறவனுக்கும் வரி வாங்குகிறவனுக்கும் இந்தச் சூத்திரம் ஆயிரக்கணக்கான வருஷமாக இனித்ததில் அதிசயம் என்ன?

*

1620-இல் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடிச் சங்கிலி ஒன்றை அமைத்தார். நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நாம் சொல்லும் சென்ட் என்பது சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி. 435.6 சதுர அடி என்று சொன்னால் விகாரமாக இருக்கும் எண் கண்ணிக் கணக்கில் உருண்டையாக நிற்கும். 1802-இல் லாம்டன் சென்னை பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து நாட்டையே முக்கோணங்களாக்கத் தொடங்கினார். பின்னால் வந்த வருவாய் சர்வேக்காரர்கள் ஒவ்வொரு வயலையும் அதேபோல முக்கோணங்களாக வெட்டினார்கள். புலவரைபடத்தை, அதாவது எஃப்எம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே குறுக்குக் கோடும் அதிலிருந்து பக்கவாட்டில் குத்துக்கோடுகளும் இருக்கும். முக்கோணத்துக்கு மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பு ஒன்றுதான், சாய்த்து ஏமாற்ற முடியாது. தரகர் சூத்திரத்துக்கு மருந்து அந்த ஒரு குறுக்குக் கோடு.

1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறந்தது. மலைக்கு அந்தப் பக்கம் போன தண்ணீர் சுரங்கம் வழியாக வைகைக்கு வந்தது. பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். தண்ணீர் திறக்கிற செய்தி எந்த வருஷப் பேப்பரில் வந்தாலும் இந்த எண் வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். 45,040 இல்லை, 45,041. சங்கிலியும் முக்கோணமும் சேர்ந்து கொடுத்த கர்வம் அந்த கடைசி ஒன்று.

நெல்லுக்காரர்கள் பரப்பில் யோசிப்பார்கள். கொடிக்கால்காரர்கள் அப்படி இல்லை. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெற்றிலை விளைகிற இடம் பெரும்பாலும் சின்னத் துண்டுகள். கொடிக்காலைச் சுற்றிக் காற்றுக்கு மறைப்பு கட்ட வேண்டும். மறைப்புக்குச் செலவு சுற்றளவைப் பொறுத்தது. வெற்றிலை வருமானம் பரப்பைப் பொறுத்தது. ஒரு துண்டை நெட்டுக்குத்தாகப் பாதியாக்கினால் வருமானமும் பாதிதான் ஆகும், மறைப்புச் செலவு பாதியாகாது. ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: 'கொடிக்காலப் பங்கு வைக்கக் கூடாதுய்யா. வருசம் வச்சு முறை வச்சு வெட்டிக்கிறணும்.' சதுரத்தின் சிறப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

*

பரப்பு தெரிந்துவிட்டது. எவ்வளவு விளைந்தது என்பது எப்படித் தெரியும்? 45,041 ஏக்கரையும் அறுத்து எடை போட ஆகாது.

வெள்ளைக்காரன் காலத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது, அணாவாரி. பதினாறணா என்றால் நிறைவான விளைச்சல். ஊர்க் கணக்குப்பிள்ளை வயலைப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் பன்னிரண்டணா, எட்டணா என்று எழுதுவார். ரூபாயில் பேசிப் பழகிய வாய்க்கு விளைச்சலையும் ரூபாயாகப் பார்ப்பது சுலபம். ஆனால் எட்டணா என்று எழுதினால் வரித் தள்ளுபடி கேட்பார்கள் என்று மேலே இருப்பவர் முறைப்பார். பதினாலணா என்று எழுதினால் ஊர்க்காரர் முறைப்பார். கணக்குப்பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போவார். 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, மாகாணத்தில் உண்மையில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த விடை அரசாங்கத்திடம் இல்லை. அணாக்களைக் கூட்டிப் பெருக்கிய எண்கள்தான் இருந்தன.

ஜான் ஹப்பக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே பீகார் - ஒரிசாவில் இதற்கு வேறு வழி தேடியிருந்தார். ஒரு முக்கோணச் சட்டம் செய்தார். வயலில் குருட்டாம்போக்காகத் தேர்ந்த இடத்தில் அதை வைத்து, உள்ளே இருக்கிற நெல்லை மட்டும் அறுத்து எடை போட்டார். சட்டத்தின் பரப்பு ஒரு ஏக்கரில் 3,200-இல் ஒரு பங்கு. ஏன் அந்த எண்? ஒரு மணங்குக்கு 3,200 தோலா. ஆக, சட்டத்துக்குள் எத்தனை தோலா நெல்லோ, ஏக்கருக்கு அத்தனை மணங்கு. கணக்கே போட வேண்டாம். காரிநாயனார் பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார். 1927-இல் வெளியான அவருடைய அறிக்கை தங்கள் ரோதம்ஸ்டட் பண்ணை வேலைகளில் செல்வாக்குச் செலுத்தியது என்று ரொனால்ட் ஃபிஷரே பின்னால் சொல்லியிருக்கிறார். ஹப்பக் 1936-இல் ஒரிசாவின் முதல் கவர்னராகப் போனார்.

அந்த இடத்திலிருந்து கல்கத்தாவின் மகலனோபிஸ் பிடித்துக்கொண்டார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர், 1937-லிருந்து வங்காளத்துச் சணல் பரப்பைக் கணிக்க நிலப்படத்தின் மேல் குருட்டுப் புள்ளிகளைத் தூவினார். ஒரு புள்ளி சணல் வயலில் விழும் வாய்ப்பு என்பது மொத்தப் பரப்பில் சணல் எவ்வளவோ அவ்வளவு. இதற்கு வடிவியல் நிகழ்தகவு என்று பாடப்புத்தகத்தில் பெயர்.

பயப்பட வேண்டாம், நீங்கள் சின்ன வயதில் தெருவில் செய்ததுதான். பாண்டி ஆடும்போது சில்லு கோட்டில் பட்டால் அவுட். இரண்டடிக் கட்டம், மூன்று அங்குலச் சில்லு. சில்லின் நடு கோட்டிலிருந்து ஒன்றரை அங்குலமாவது தள்ளி விழுந்தால்தான் பிழைக்கும். அதாவது 24 அங்குலக் கட்டத்துக்குள் 21 அங்குலக் கட்டம். 21/24-ஐ அதாலேயே பெருக்கினால் 0.77. கட்டத்துக்குள் குருட்டாம்போக்கில் விழுகிற நாலு சில்லில் ஒன்று கோட்டைத் தொடும். 1733-இல் பியூஃபான் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதே ஆட்டத்தைத்தான், காசையும் தரை ஓட்டையும் வைத்து, கணக்காக்கிக் காட்டினார். நிகழ்தகவு அதுவரை பகடையை எண்ணிக்கொண்டிருந்தது. பரப்பை அளக்க ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

சில்லு கோட்டில் படுமா படாதா என்ற தகராறுதான் 1940-களில் இந்தியப் புள்ளியியலின் பெரிய சண்டையாக வந்தது. மகலனோபிஸ் தரப்பு சில அடி ஆரமுள்ள சின்ன வட்டங்களை விரும்பியது. செலவு குறைவு, பயிற்சி பெற்ற ஆட்கள் நிறைய இடத்தில் வெட்டலாம். டெல்லியில் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த சுகாத்மே ஒத்துக்கொள்ளவில்லை, பான்சேயும் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னத் துண்டு வெட்டினால் விளைச்சல் கூடுதலாகக் காட்டும், பெரிய துண்டுதான் வேண்டும் என்றார்கள். வெட்டிப் பார்த்தும் காட்டினார்கள்.

ஏன் கூடுதலாகக் காட்ட வேண்டும்? கோட்டின் மேல் நிற்கும் குத்துதான் காரணம். நாற்று நட்ட வயலில் கயிறு பிடித்தால் கயிறு எப்போதும் குத்துக்கு நடுவில் போகாது, குத்தின் மேலேயே போகும். உள்ளேயா வெளியேயா? கதிர் தலை தொங்கி நிற்கிறது, அறுக்கிறவன் கை நல்ல கதிரை விட மனசில்லாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. யாரும் திருடவில்லை. சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டடி ஆர வட்டத்தில் அது 17 சதவீதம் கூடுதல் நெல். ஹப்பக்கின் முக்கோணத்தில் 21 சதவீதம். ஐந்து மீட்டர் சதுரத்தில் 4 சதவீதம். பத்து மீட்டர் சதுரத்தில் 2. தவறு நடக்கிற இடம் சுற்றளவு. அது பரவுகிற இடம் பரப்பு. துண்டு சிறுக்கச் சிறுக்கப் பரப்பு வேகமாகக் கரையும், சுற்றளவு மெதுவாகத்தான் கரையும். மகலனோபிசுக்கும் இது தெரியும். தேர்ந்த ஆட்களை வைத்துக் கட்டுப்படுத்தலாம் என்று அவர் நம்பினார். மற்றவர்கள், நாடு முழுக்க அறுக்கப் போகிறது சாதாரணக் கிராம அலுவலர்கள், அவர்கள் கைக்கு ஏற்ற அளவு வையுங்கள் என்றார்கள். என் மனசு இரண்டாவது கட்சிப் பக்கம். நடைமுறையில் ஜெயித்ததும் அதுதான்.

*

அந்தச் சண்டையின் முடிவுதான் இன்று நெல்லுக்கு வைக்கிற ஐந்து மீட்டர் சதுரம். 25 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு. எத்தனை கிலோவோ அதை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல். ஹப்பக்கின் தந்திரம் கிலோவுக்கு மாறியிருக்கிறது. இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். சர்வே எண் பட்டியலில் குலுக்கிப் போட்டு வயலைத் தேர்ந்தெடுப்பார்கள். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை, அகலவாக்கில் இத்தனை என்று இரண்டு குலுக்கல் எண். அது விழுகிற இடத்தில் முளைக்குச்சி.

பயிர்க் காப்பீடு வந்த பிறகு இந்தச் சதுரத்துக்குத் தனி மரியாதை. 2016-இல் தொடங்கிய பிரதமர் திட்டத்தில், உங்கள் வயலில் என்ன ஆனது என்பதை வைத்துப் பொதுவாக இழப்பீடு வருவதில்லை. ஊரில் நாலைந்து வயலில் வெட்டிய சதுரங்களின் சராசரி, பழைய வருஷங்களை வைத்துப் போட்ட உத்தரவாத விளைச்சலுக்குக் கீழே எவ்வளவு போனதோ அந்த விகிதம்தான் ஊருக்கே.

எங்கள் சித்தப்பா வயல் ஒரு தடவை குலுக்கலில் வந்தது. டேப், கயிறு, நாலு குச்சியோடு ஒரு இளம் அலுவலர் வந்தார். கூட இரண்டு பேர். வடகிழக்கு மூலையில் புகையான் விழுந்து பயிர் வட்டமாகக் கருகிக் கிடந்தது. சித்தப்பா அந்தப் பக்கமே கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

'ஏம்மா, அங்கன வையி. நட்டம் அங்கனதான இருக்கு?'

'நம்பர் சொன்ன எடத்துலதான்யா வைக்க முடியும். நா நெனைச்ச எடத்துல வச்சா அது பரிசோதனையே இல்ல.'

'அப்ப அந்த மூலைக்கு நம்பரே வராதா?'

அலுவலர் சிரித்தார். 'வரலாம்யா. அதிர்ஷ்டம் வேணும்.'

வீட்டுக்கு வந்து அந்த அதிர்ஷ்டத்தை நான் கணக்குப் போட்டேன். வயல் 40 மீட்டருக்கு 25 மீட்டர், ஏறக்குறைய 25 சென்ட். சதுரம் முழுசாக வயலுக்குள் இருக்க வேண்டும் என்பதால் அதன் தென்மேற்கு முனை 35-க்கு 20 என்ற இடத்துக்குள்தான் விழ முடியும். 700 சதுர மீட்டர். வயலின் நடுவில் இருக்கிற ஒரு குத்து சதுரத்துக்குள் மாட்டும் வாய்ப்பு 700-க்கு 25, அதாவது 28-இல் ஒன்று. பக்க வரப்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே இருக்கிற குத்துக்கு 140-இல் ஒன்று. மூலையில் இரண்டு வரப்பிலிருந்தும் ஒரு மீட்டரில் இருக்கிற குத்துக்கு 700-இல் ஒன்று. நடுக்குத்தைவிட இருபத்தைந்து மடங்கு குறைவு. சித்தப்பா கேட்ட கேள்வி சரியான கேள்வி.

வாய்ப்பு குறைகிற இடம் ஏதோ ஓரத்தில் ஒரு நூல் அளவு என்று நினைக்க வேண்டாம். வரப்பிலிருந்து ஐந்து மீட்டருக்குள் இருக்கிற எல்லா இடத்துக்கும் வாய்ப்பு குறைவு. உள்ளே முழு வாய்ப்புள்ள இடம் 30-க்கு 15, 450 சதுர மீட்டர். மீதி 550, வயலில் பாதிக்கு மேல். ஓரமும் நடுவும் ஒரே மாதிரி விளைந்தால் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் எங்கள் பக்கம் வரப்பு ஓரம் தென்னை நிழல், வரப்புக்குள் எலி வளை, ஆடு மாடு வாய் வைப்பது எல்லாம் ஓரத்தில்தான். குலுக்கல் யாருக்கும் பாரபட்சம் பார்க்கவில்லை. சதுரம் வயலுக்குள் அடங்க வேண்டும் என்ற நியாயமான ஒரு விதி, யாரும் நினைக்காமலே நடுவயலின் பக்கம் சாய்கிறது.

சாய்வு கொஞ்சம்தானே என்றால், அந்தக் கொஞ்சத்துக்கு விலை உண்டு. உதாரணத்துக்கு உத்தரவாதம் ஹெக்டேருக்கு 4,000 கிலோ, நிஜ விளைச்சல் 3,800, காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவு 5 சதவீதம், ஏக்கருக்கு 1,500 ரூபாய் வர வேண்டும். கயிறு தளர்ந்து அந்த ஐந்து சென்டிமீட்டர் மட்டும் கூடியிருந்தால் சதுரம் 3,952 என்று சொல்லும். குறைவு 1.2 சதவீதம், கைக்கு வருவது 360 ரூபாய். ஒரு சதுரத்தில் நூறு கிராம் நெல் கூடினால் ஹெக்டேருக்கு 40 கிலோ. ஒரு கைப்பிடிச் சமாச்சாரம், ஊர் முழுக்கப் பேசும்.

அன்றைக்கு அந்த அலுவலர் கயிற்றை இழுத்துக் கட்டச் சொல்லி இரண்டு தடவை மூலைவிட்டத்தை அளந்தார். ஐந்து மீட்டர் சதுரத்துக்கு மூலைவிட்டம் 7.07 மீட்டர் வர வேண்டும், வராவிட்டால் சதுரம் சாய்ந்திருக்கிறது. தரகர் சூத்திரத்துக்குச் சொன்னேனே, அதே குறுக்குக் கோடு. கோட்டின் மேல் நின்ற குத்துகளைக் குனிந்து வேரைப் பார்த்து, வேர் உள்ளே இருந்தால் உள்ளே, வெளியே இருந்தால் வெளியே என்று பிரித்துவிட்டார். கதிர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்க்கவே இல்லை. சித்தப்பாவுக்கு அவர் மேல் கோபம் இருந்தது, மரியாதையும் இருந்தது. இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

*

இப்போது சதுரத்தை வானத்திலிருந்து வைக்கிறார்கள். 2023-லிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் படம் போன்ற தொழில்நுட்பத்தால் கணித்த விளைச்சலுக்குக் குறைந்தது 30 சதவீதம் இடம் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆள் கை படாது, கதிரை உள்ளே இழுக்கிற கையும் கிடையாது. நல்லதுதான். ஆனால் இலவசமாகக் கிடைக்கிற சென்டினல்-2 செயற்கைக்கோளின் நுட்பமான படத்திலும் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அந்தக் கட்டங்களை நம்மூர் வரப்பைப் பார்த்து யாரும் அடுக்கவில்லை. வரப்பின் மேல் விழுகிற கட்டத்தில் பாதி நெல், பாதி தென்னை. அது எதன் பச்சை என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது, குனிந்து வேரைப் பார்க்கவும் அதனால் ஆகாது.

கட்டமும் வயலும் ஒரே திசையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், சித்தப்பா வயலுக்குள் முழுசாக அடங்கும் கட்டங்கள் சராசரியாக எத்தனை என்று போடுவது சுலபம். 40-இல் பத்து போக 30, 25-இல் பத்து போக 15. பெருக்கி நூறால் வகுத்தால் நாலரை. போன தையில் அந்த வயலைச் சித்தப்பாவின் இரண்டு பையன்களும் நெட்டுக்குத்தாகப் பங்கு வைத்துக்கொண்டார்கள், 40-க்குப் பன்னிரண்டரை. நடுவில் புதுசாக நாற்பது மீட்டர் வரப்பு. இப்போது ஆளுக்கு முக்கால் கட்டம்.